களனிவெளிப் பாதையும் கல்முனைக் கரையும்

கல்முனைக் கடைத்தெருவின் ஊடாகச் செல்லும் பெருந்தெருவுக்கு அரசாங்க ஏடுகளில் ஏ4 என்று பெயர். கொழும்பிலே தொடங்கும் அத்தெரு நுகேகொடை, மகரகமை, அவிசாவளை, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை என மலைச்சாரலையும் காட்டையும் கடந்து, பொத்துவிலிலே கடலைக் கண்டு வடக்கே திரும்பி, அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, கல்முனை வழியாக மட்டக்களப்பை அடைகின்றது. நம்மவர் இத்தெருவை நன்கு அறிவர். ஆனால் அதன் கொழும்பு முனையில், அதனோடு ஒட்டியும் விலகியும் ஓர் இருப்புப்பாதை ஓடுகின்றது என்பதையும், அப்பாதையின் பிற்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதையும் நம்மிலே எண்ணிப் பார்த்தவர் சிலரே. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாகப் பொத்துவிலுக்குப் புகையிரதம் வேண்டும் என்ற குரல் தேர்தலுக்குத் தேர்தல் எழுந்து அடங்குகின்ற இந்நாளில், அந்தப் பழைய பாதையின் கதை நமக்குப் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

அப்பாதைக்குக் களனிவெளிப் பாதை என்று பெயர். கொழும்பிலிருந்து அவிசாவளை வரை அது 1902 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எட்டியாந்தோட்டைக்கு நீண்டது. அவிசாவளையிற் பிரிந்த இன்னொரு கிளை 1912 இல் இரத்தினபுரியையும், பின்னர் ஓப்பநாயக்கையையும் எட்டிற்று. கண்டிப் பாதையைப் போலவே இதுவும் தோட்டத் துரைமாரின் தேவைக்காகப் பிறந்தது. தேயிலையும் இறப்பரும் துறைமுகம் சேர வேண்டும். அரிசியும் உரமும் தோட்டம் சேர வேண்டும். ஊரவர் அதில் ஏறினால் ஏறட்டும். அவர்களுக்காக அது போடப்படவில்லை.

செலவைக் குறைப்பதற்காக அதனை ஒடுக்கப் பாதையாகவே அமைத்தனர். இலங்கையின் ஏனைய பெரும்பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 1,676 மில்லிமீற்றர். இதிலோ 762 மில்லிமீற்றர் மட்டுமே. அகலம் குறைந்தால் வளைவுகளைக் கூர்மையாக வைக்கலாம். குன்றைக் குடையாமற் சுற்றிப் போகலாம். தண்டவாளமும் பாலமும் இலேசாக இருக்கலாம். ஆனால் முதலில் மிச்சம் பிடித்த பணத்தைப் பின்னர் வட்டியோடு கட்ட வேண்டி வந்தது. அகலப் பாதையின் பெட்டி இதிலே ஓடாது. இதன் பெட்டி அங்கே ஓடாது. ஆகவே ஒரு பாதையிலிருந்து மறுபாதைக்குச் செல்ல வேண்டிய சரக்கை இறக்கி, மீண்டும் ஏற்ற வேண்டும். வளைவுகளினால் வேகமும் இல்லை. பொரளைக்கு அருகே கோல்ப் விளையாட்டு மைதானத்தின் ஊடாகவே இப்பாதை செல்கின்றது. பந்தடிக்கும் கனவான்கள் கோலை ஊன்றி நின்று வண்டி போவதைப் பார்த்திருப்பார்கள்; அவர்களுக்குப் பொறுமை மிக வேண்டியிருந்திருக்கும்.

காலம் செல்லச் செல்ல, எவரும் திட்டமிடாத ஒரு மாற்றம் நிகழ்ந்தது. நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மகரகமை, கொட்டாவை, ஹோமாகமை, பாதுக்கை என்று பாதையோரத்துச் சிற்றூர்கள் நகரின் புறவூர்களாயின. கொழும்பிலே வேலை, புறவூரிலே குடியிருப்பு என்ற வாழ்க்கை முறை உருவாயிற்று. எழுதுவினைஞரும் ஆசிரியரும் மாணவரும் தேயிலைப் பெட்டிகளுக்காகப் போட்ட பாதையில் ஏறத் தொடங்கினர். 1920களின் பிற்பகுதியில் சென்டினல் என்னும் ஆங்கிலக் கம்பனியார் கட்டிய நீராவி ரயில்கார்களைப் புகையிரதப் பகுதியினர் இப்பாதைக்காகத் தருவித்தனர். தனி இயந்திரம் இல்லாமல், பெட்டியோடு சேர்ந்த கொதிகலனைக் கொண்டு ஓடும் வண்டிகள் அவை. குறைந்த தொகைப் பயணிகளை அடிக்கடி ஏற்றி இறக்குவதற்கு ஏற்றவை. தினப் பிரயாணி என்றொருவர் உண்டு என்பதை நிருவாகம் ஒப்புக்கொண்டதன் அடையாளமாகவே நான் அவற்றைக் கருதுகின்றேன்.

எனினும் பாதையின் பேரேட்டை எழுதியவர்கள் சரக்குக் கணக்கையே முதற்கணக்காக எழுதினர். லொறி வந்தது. தோட்டத்து வாயிலிலே ஏற்றிய பெட்டியைத் துறைமுகத்து வாயிலிலே இறக்கும் வண்டியோடு, வழியிலே மாற்றி ஏற்ற வேண்டிய வண்டி எவ்வாறு போட்டியிடும்? எட்டியாந்தோட்டைக் கிளை உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942 இலேயே அகற்றப்பட்டது. பின்னர், 1958 இல் பஸ் சேவைகள் அனைத்தும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் அரசுடைமையாயின. பாதைக்குப் பக்கத்திலேயே தெரு. தெருவிலே அரசாங்கத்தின் பஸ். பாதையிலே அரசாங்கத்தின் ரயில். ஒரே வீட்டின் இரு பிள்ளைகளையும் ஒரே பிடி சோற்றுக்குப் போட்டியிட விட்டது போலாயிற்று. அவிசாவளைக்கு அப்பால் இருந்த பாதை நட்டத்தில் ஓடுவதாகச் சொல்லப்பட்டு, 1976 ஆம் ஆண்டோடு இரத்தினபுரிக்கும் ஓப்பநாயக்கைக்கும் ரயில் இல்லையென்றாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து அவிசாவளை வரையுள்ள பகுதி மட்டும் ஏன் பிழைத்தது? அதுவும் அதே ஒடுக்கப் பாதைதான்; அதே மெதுவான வண்டிதான். ஆனால் அங்கே நாள்தோறும் காலையில் வந்து மாலையில் திரும்பும் மனிதர் இருந்தனர். வண்டியை நிறுத்தினால் மறுநாட் காலை கந்தோர்களில் ஆள் இராது. சரக்கை நம்பிய பகுதி மடிந்தது; பயணியை நம்பிய பகுதி நின்றது. 1990களில் அது அகலப் பாதையாகவும் மாற்றப்பட்டது. பழைய தடத்தின் மேலேயே புதிய தண்டவாளத்தைப் போட்டமையால் துரைமார் காலத்து வளைவுகள் அப்படியே தங்கிவிட்டன. அறுபது கிலோமீற்றர் அளவான அத்தூரத்தைக் கடக்க இன்றும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆயினும் வண்டி ஓடுகின்றது.

இரத்தினபுரிக்கு மீண்டும் ரயில் என்ற பேச்சு பல அரசாங்கங்களின் காலத்தில் எழுந்துவிட்டது. தண்டவாளம் அவிசாவளையிலேயே நிற்கின்றது. இரும்பு இல்லாமையோ பொறியியலாளர் இல்லாமையோ அன்று இதற்குக் காரணம். பாதை மூடப்பட்டபின் அந்த நீண்ட மெல்லிய நிலத்துண்டு கேட்பாரற்றுப் போயிற்று. சில இடங்களில் அது தெருவாயிற்று. சில இடங்களில் வீடாயிற்று. வீட்டிலே பிள்ளைகள் பிறந்து பேரப்பிள்ளைகளும் வளர்ந்துவிட்டனர். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கமே கைவிட்ட நிலத்தில் ஏழை குடிசை போட்டால் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்வது எளிது. வண்டி ஓடுகின்ற கொழும்புப் பகுதியிலேயே தண்டவாளத்தை ஒட்டி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அப்பாதையைச் சீர்திருத்த எண்ணும் ஒவ்வொரு திட்டத்துக்கும் அக்குடும்பங்களை எங்கே குடியேற்றுவது என்பதே முதற்கேள்வியாக உள்ளது.

இதனோடு வடபாதையை ஒப்பிட்டுப் பாருங்கள். காங்கேசன்துறைப் பாதை 1990 இலே போரினால் அறுந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின, நிலையங்கள் கூரையிழந்தன, பாதை மேடு பற்றைக்காடாயிற்று. அவ்வளவு அழிவின் பின்னரும், இந்தியக் கடனுதவியோடு மீளக் கட்டப்பட்டு, 2014 மார்ச்சில் பளைக்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பிற்று. தென்கரையோரப் பாதையிலே 2004 டிசம்பர் 26 ஆம் நாள் பெரலியவில் ஆழிப்பேரலை ஒரு முழு ரயிலையே புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்தப் பாதை இரண்டு மாதங்களுக்குள் மீண்டும் இயங்கிற்று. போர் அழித்தது திரும்பி வந்தது. கடல் அழித்தது திரும்பி வந்தது. கணக்குப் புத்தகம் மூடியது மட்டும் திரும்பவில்லை. வடக்கிலும் தெற்கிலும் இரும்புதான் போயிற்று. இவ்வழி எங்களுடையது என்ற உரிமையைப் புகையிரதப் பகுதியினர் எக்காலத்தும் விட்டுக்கொடுக்கவில்லை. அவிசாவளைக்கு அப்பால் இரும்போடு அந்த உரிமையும் போயிற்று.

பிற நாடுகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். சென்னையிலே கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு 1931 இல் ஓடத் தொடங்கிய மீற்றர்கேஜ் மின்சார ரயில் 2004 இலே நிறுத்தப்பட்டது. ஆனால் அங்கே ஒருவரும் ஒரு நாளும் நடந்து போகவில்லை. அதே வழியில் அகலப் பாதை ஆயத்தமான பின்னரே பழைய வண்டிக்கு விடை கொடுத்தனர். ஸ்கொத்லாந்திலோ, எடின்பரோவிலிருந்து தெற்கே சென்ற பாதையை நட்டக் கணக்குக் காட்டி 1969 இல் மூடினர். பின்னர் மனம் மாறி, அதன் மூன்றிலொரு பங்கு அளவை மட்டும் 2015 இல் மீளத் திறந்தனர். இடையிலே எடின்பரோவைச் சுற்றிப் போட்ட பெருந்தெருவே பழைய தடத்தைக் குறுக்கே வெட்டிவிட்டிருந்தது. பணமும் சட்டமும் ஒழுங்கும் நிறைந்த நாட்டுக்கே அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகள் பிடித்தன.

இனி நம் கரைக்கு வருவோம். மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928 ஆம் ஆண்டிலே. மாகோவிற் பிரிந்து, கல்லோயாச் சந்தியைத் தொட்டு, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாக வந்த அப்பாதை வாவிக்கரையிலே நின்றுவிட்டது. கல்லோயாச் சந்தி என்றதும் நம்மூர் மாணவர் பலர் அதை இங்கினியாகலைக்குப் பக்கத்திலே தேடுவர். அது ஹபரணைப் பக்கத்து வேறோர் ஓடையின் பெயர். நம்முடைய கல்லோயாவிலோ சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டிலேயே பெரும் அபிவிருத்திச் சபை அமைந்தது, அணை எழுந்தது, சமுத்திரம் போன்ற குளம் நிறைந்தது, குடியேற்றங்களும் ஹிங்குராணையிற் சீனித் தொழிற்சாலையும் வந்தன, 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. அத்தனையும் வந்த இடத்துக்கு ஒரு முழத் தண்டவாளமும் வரவில்லை. நெல்லும் கரும்பும் லொறியிலேயே போயின. துரைமாரின் தேயிலைக்கு மலையைச் சுற்றிப் பாதை போட்ட நாட்டிலே, போடியாரின் நெல்லுக்குச் சமதரையிற் பாதை போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

நெல்லை விடுங்கள், களனிவெளியின் கதை சொல்வது போல, பாதையைக் காப்பது மனிதரே. மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். களுவாஞ்சிக்குடி, நீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஓர் ஊரின் மதில் முடியுமுன் மற்றோர் ஊரின் மதில் தொடங்குகின்றது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்கீற்றிலே இத்தனை மக்கள் நெருங்கி வாழும் இடங்கள் இந்நாட்டிலே அதிகம் இல்லை. வடமுனையில், இப்போதுள்ள பாதையின் ஓரத்திலேயே, வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகம். தென்பகுதியில் ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம். நடுவே மட்டக்களப்பின் போதனா வைத்தியசாலை, கல்முனையின் வைத்தியசாலைகள், கச்சேரிகள், கல்லூரிகள். புறநகர்ப் பாதைக்கு வேண்டிய இலக்கணம் அனைத்தும் இங்கே உண்டு. பாதை ஒன்றுதான் இல்லை.

நான் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போய்வந்து படிப்பித்த ஆண்டுகளில், காலைப் பஸ்ஸின் படியிலே தொங்கியபடி பாடக்குறிப்பை நினைவுபடுத்திக்கொண்டவர்களுள் ஒருவன். கைத்தறிப் புடைவைப் பொட்டலங்களோடு மட்டக்களப்பு ரயிலைப் பிடிக்கப் போகும் மருதமுனைப் பெரியவர் ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “மாஸ்டர், இந்த ரயில் மட்டக்களப்பு மட்டும் வந்து திரும்புறது எப்பிடித் தெரியுமா? கலியாண ஊட்டுக்கு வந்தவன் படலையில நிண்டு பாத்துப்போட்டுப் போற மாதிரி.” அவருக்கு அது பகிடி, அப்பொட்டலங்களை பஸ்ஸிலிருந்து இறக்கி ரயிலுக்குத் தூக்கியதற்கு அவர் கொடுத்த கூலி பகிடியன்று. ஒடுக்கப் பாதைக்காரர் சரக்கை இறக்கி ஏற்றிய அதே கூலிதான்.

புதிய பாதை போடுவதே நடவாத காரியம் என்று சொல்ல முடியாது. மாத்தறையிலே நின்றிருந்த தென்கரைப் பாதை 2019 ஏப்பிரலிலே பெலியத்தைக்கு நீண்டது. ஆனாலும் இப்போது உடனே பாதையைப் போடுங்கள் என்று கேட்பது எனக்கு நேர்மையாகத் தோன்றவில்லை. 2022 இலே கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று உலகுக்கு அறிவித்த நாடு இது. 2025 நவம்பரிலே வீசிய டித்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களிற் சிதைந்தது. உள்ளதைச் செப்பனிடவே பெருந்தொகை வேண்டும். மட்டக்களப்பு நிலையத்திலிருந்து எப்பக்கம் திரும்பினாலும் வாவியைக் கடக்கப் பாலம் வேண்டும். இந்தச் செலவை அடுத்த சில ஆண்டுகளில் எந்த நிதியமைச்சரும் ஏற்கமாட்டார். ஏற்பதாகச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

கேட்க வேண்டியது பாதையை அன்று, பாதைக்கான தரையை. அதைத்தான் எவரும் கேட்பதில்லை. தேர்தல் மேடையிலே ரயில் என்றால் கைதட்டல் எழும். நில அளவை என்றால் எழாது.

எங்கே அந்தத் தரை? கிழக்கே கடற்கரை உண்டு. ஆனால் 2004 இலே அம்பாறைக் கரையில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் முதல் வரிசை வீடுகள் இருந்த இடம் வெறும் மணலாயிற்று. பெரலியவின் பின் கடலோரத்தில் ரயில் விடுவதைப் பற்றிச் சிந்திக்கவே வேண்டாம். நடுவே ஏ4 தெரு. அதன் இருபுறமும் கடைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளும். அதிலே கை வைக்க முடியாது. மிஞ்சுவது மேற்கு: ஊர் முடிந்து வயல் தொடங்கும் ஓரம். என் எண்ணத்தில் வேறு வழி இல்லை.

மேற்கிலும் இடர் உண்டு. அது மாரியிலே வெள்ளம் இறங்கும் நிலம். 2024 நவம்பரிலே காரைதீவு மாவடிப்பள்ளித் தெருவில் வெள்ளம் ஓர் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்று, வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர்களைப் பலிகொண்டதை இக்கரை மறக்கவில்லை. அத்தகைய நிலத்திலே வடக்குத் தெற்காக ஒரு மண்மேட்டைப் போட்டு, போதிய மதகுகள் வைக்காவிட்டால் ஊரையும் வயலையும் சேர்த்து மூழ்கடிக்கும். ஆகவே நில அளவையாளரோடு நீர்ப்பாசனப் பொறியியலாளரும் முதல் நாளிலிருந்தே நிற்க வேண்டும்.

அதைவிடக் கடினமானது மற்றொன்று. இக்கரையிலே தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. கோடு எந்த ஊரின் வயலிலே விழும், எந்த ஊர் தப்பும் என்ற ஐயம், கோட்டைக் கீறுமுன்பே கிளம்பும். நிலத்தைப் பற்றிய அச்சம் இங்கே வீண் அச்சமன்று; இரு சாராரும் இழந்து அறிந்தவர்கள். போதாதற்கு 2005 இன் அனுபவமும் உண்டு. கடலோரத்தில் வடக்கு கிழக்குக்கு 200 மீற்றர், மற்றப் பகுதிகளுக்கு 100 மீற்றர் என்று தடை வலயத்தை அறிவித்து, எல்லாம் இழந்த மீனவரைத் தம் அடிவளவிலே ஒரு கொட்டில் கட்டவும் விடாமல் மாதக்கணக்கில் அலையவிட்டு, பின்னர் அத்தூரங்களைத் தளர்த்தினர். கொழும்பிலே வரைபடத்தில் ஒரு கோடு கீறினால் இங்கே ஒரு குடும்பம் கூரையில்லாமல் நிற்கும் என்பதை நாம் அன்று கண்டோம். தரையை ஒதுக்குங்கள் என்று சொல்லும் நானும் அதே கோட்டைத்தான் கேட்கின்றேன் என்பதை உணர்ந்தே சொல்கின்றேன்.

ஆயினும் வயலுக்கும் வளவுக்கும் வேறுபாடு உண்டு. வீட்டு வளவை ஒதுக்கினால் மனிதன் வாழ முடியாது. வயலை ஒதுக்கினால் விதைக்கத் தடையில்லை. பாதை வரும் வரை, அது பத்தாண்டானாலும் இருபதாண்டானாலும், போகத்துக்குப் போகம் அங்கே நெல் விளையலாம். தடுக்கப்படுவது மண்நிரப்பிக் கட்டடம் எழுப்புவது மட்டுமே. அதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை நிரப்ப இப்போதே அனுமதி வேண்டும். உரிமையாளனுக்கு நட்டம் இல்லையென்று சொல்லமாட்டேன். வயலை வீட்டுக்காணியாக விற்றாற் கிடைக்கும் பெருவிலை அவனுக்கு இல்லாமற் போகும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் செய்விக்கும் வழக்கமுள்ள இந்த ஊர்களிலே, மேற்கு வயலோரத்துத் துண்டுதான் பல வாப்பாமாரின் கடைசி நம்பிக்கை. ஆதலால் ஒதுக்கீட்டுக்கு ஒரு கால எல்லை வேண்டும். அதற்குள் நிலத்தை விலை கொடுத்து எடுக்காவிட்டால் கோடு தானாகவே அழிய வேண்டும். தமிழூருக்கும் முஸ்லிம் ஊருக்கும் ஒரே அகலம், ஒரே விலைக் கணிப்பு, ஒரே நாளில் அறிவித்தல். கோட்டின் படத்தை ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் சுவரிலும் மக்கள் பார்க்கும்படி தொங்கவிட வேண்டும்.

இவை நடைபெறும் என்பதற்கு இன்று அறிகுறி இல்லை. சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் மேற்கே மாலையில் வயலோரமாக நடந்து பார்ப்பவர், போன போகத்திலே கதிர் நின்ற துண்டுகளிற் கிறவல் மண் குவிந்திருப்பதைக் காண்பர். சிலவற்றில் அத்திவாரக் கல்லும் இறங்கிவிட்டது. அவற்றுக்கு இடையே வரம்பு குலையாமல் நெல் நிற்கும் துண்டுகளே இன்னமும் அதிகம். நில அளவைத் திணைக்களத்தார் சங்கிலி பிடிக்க வரவேண்டிய இடம் அதுதான்.